விட்ட இடத்தில் வைப்பது எது?

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



உணவைப் பற்றிப் பேச யார் மேடை ஏறினாலும் நாலு கேள்விகள் உடனே வரும். சோறு சாப்பிடலாமா, கூடாதா? நெய் நல்லதா, கெட்டதா? தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு ஆகுமா, ஆகாதா? சிறுதானியத்துக்கு மாறினால் சர்க்கரை இறங்குமா? நாலும் ஒரே அச்சில் வார்த்த கேள்விகள். ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி, இது வேண்டியவரா வேண்டாதவரா என்று கேட்கிறோம்.

கோளாறு அந்த அச்சில்தான் இருக்கிறது. ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் மொத்த அளவு எளிதில் மாறாது, பசி விடாது. நெரிசல் பேருந்தில் ஒருவர் எழுந்த இருக்கை காலியாகவே கிடக்குமா? தட்டும் அப்படித்தான். ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்காரும். எடுத்ததைப் பற்றியே பேசிப் பேசி, வந்து உட்கார்ந்ததைக் கவனிக்காமல் விட்டோம். உணவு அறிவுரைகள் சறுக்கிய இடமெல்லாம் இதுதான். நான் சொல்ல வந்ததும் இவ்வளவே. இனிச் சொல்லப்போவதெல்லாம் இதற்கான சாட்சியம்.

முதல் சாட்சி நம் நீலகிரியிலிருந்து. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறை ஒன்றில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியது. தொடங்கியவர் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர். அவர் ஆராய எடுத்துக்கொண்டது பெரிபெரி. கால் மரத்துப்போகும், வீங்கும், முற்றினால் இதயம் நின்றுபோகும். அன்றைய சென்னை மாகாணத்தில் அரிசியே முக்கிய உணவாக இருந்த ஊர்கள் பல. ஆனாலும் நோய் எல்லா ஊரிலும் இல்லை. மாகாணத்தின் வடக்கே, ஆந்திரக் கடலோர மாவட்டங்களில்தான் மிகுதி. மெக்கரிசனும் அவருடைய சக ஆய்வாளர் நாரிஸும் 1924-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டது. வடக்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி. தெற்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின், அதாவது வைட்டமின் பி1, அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஓரளவு மிஞ்சும். பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உடல் மாவுச்சத்தை எரித்து ஆற்றலாக்க அந்தத் தயமின்தான் தேவைப்படுகிறது. சோறு கூடக்கூட அதற்கான தேவையும் கூடும். தவிட்டை நீக்கிவிட்டுச் சோற்றை மட்டும் கூட்டியவர்கள் தேவையை ஏற்றிவிட்டு வரத்தை அடைத்துவிட்டார்கள். அரிசி எதிரியாக இருந்திருந்தால் தஞ்சாவூரிலும் பெரிபெரி பெருகியிருக்கும். நோய் வந்தது அரிசியால் அல்ல. அரிசியிலிருந்து போன ஒன்றால், அது போன இடத்தில் வேறெதுவும் வராததால்.

அதே குன்னூரில் மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிகளின் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், பருப்பு, காய்கறி என்ற பஞ்சாபிச் சீக்கியர் உணவு உண்ட எலிகள் எடையிலும் திடத்திலும் முன்னே நின்றன. பின்தங்கிய கூட்டங்களில் வங்காள உணவும் மதராஸ் உணவும் இருந்தன. இதைக் கேட்டு வருத்தப்படத் தேவையில்லை. அங்கே அளந்தது தீட்டிய அரிசி தட்டை நிரப்ப, பாலும் பருப்பும் காயும் ஒதுங்கிப்போன ஏழைத் தட்டை.

அந்த ஒற்றை அறை வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர். 1960-களில் அதன் இயக்குநராக இருந்து அதை உலகறியச் செய்த டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். பிறந்த ஆண்டும் 1918.

இனி உடலுக்குள் போவோம். மாவுச்சத்து என்று நாம் சொல்லும் கார்போஹைட்ரேட் குடும்பத்தில் மூன்று கிளைகள்: சர்க்கரைகள், ஸ்டார்ச் என்னும் மாவு, நார்ச்சத்து. முதல் இரண்டும் ஒரு கிராமுக்கு 4 கலோரி தரும். சோறு, சப்பாத்தி, இட்லி, கிழங்கு எதில் வந்தாலும் அந்த மாவு பெருமளவும் குளுக்கோஸாக உடைந்துதான் ரத்தத்தில் சேருகிறது. ஆரோக்கியமான ஒருவரின் மொத்த ரத்தத்திலும் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம், ஒரு தேக்கரண்டிதான். நூறு கிராம் அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டால் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. ரத்தம் ஏந்தக்கூடியதைப் போலப் பதினைந்து மடங்கு! அதை உடனே அப்புறப்படுத்தியாக வேண்டும். அந்த வேலைக்குத்தான் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது.

அப்புறப்படுத்தி எங்கே வைப்பது? கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் கிளைகோஜனாகச் சேமிக்கலாம். அவ்வளவுதான் இடம். வயலில் நாற்று நட்டவருக்கும் மூட்டை தூக்கியவருக்கும் அந்தக் கிடங்கு மாலைக்குள் காலியாகிவிடும். இரவுச் சோறு அதை நிரப்பும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குக் கிடங்கு நிறைந்தே இருக்கிறது. மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. எண்ணெயே தொடுவதில்லை என்கிறவரின் ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறி நிற்பதற்கும், மது அருந்தாதவரின் கல்லீரலில் கொழுப்பு படிவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். நம் மக்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எடை பார்த்தால் இயல்பு, ஆனால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு, குறைவான தசை. தசை குறைந்தால் குளுக்கோஸை வாங்கி வைக்கும் இடமும் குறைகிறது.

மூன்றாவது கிளையான நார்ச்சத்தை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. அதனால் அது வீண் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அது செரிமானத்தின் வேகத்தைத் தணிக்கிறது, பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது, சீக்கிரம் வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது. பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கொண்டைக்கடலை, தட்டப்பயறு, கீரை, அவரை, கொய்யா இவற்றில் அது நிறைய. மைதாவிலும் தீட்டிய அரிசியிலும் மிகக் குறைவு.

அடுத்தது கொழுப்பு. ஒரு கிராமுக்கு 9 கலோரி. இந்த ஒரு எண்ணால்தான் அதற்குக் கெட்ட பெயர் வந்தது. உடலுக்குக் கொழுப்பு எரிபொருள் மட்டும்தான், மாவுச்சத்தால் அதை ஈடுகட்டிவிடலாம் என்றே விஞ்ஞானிகளும் நம்பியிருந்தார்கள். 1929-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். தோல் செதிலாகி, வளர்ச்சி குன்றி எலிகள் நலிந்தன. லினோலிக் அமிலத்தைச் சிறிது சேர்த்ததும் தேறின. உடலால் தானே செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்கள் உண்டு என்று அப்போதுதான் உலகம் அறிந்தது. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் குடலில் உறிஞ்சப்படக் கொழுப்பு வேண்டும். கீரை மசியலில் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விடுகிற பாட்டிகள் இந்த வேதியியலைப் படிக்காமலே செய்தார்கள்.

கொழுப்பில் வகை பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் 60 சதவீதத்துக்கு மேல். பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி. கடலை எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பான ஒலியிக் அமிலம் சுமார் பாதி. நல்லெண்ணெயில் ஒலியிக், லினோலிக் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஒமேகா-3 என்ற கொழுப்பு வேண்டுமானால் சாளை எனப்படும் மத்தி போன்ற மீனிலும் ஆளிவிதையிலும் தேட வேண்டும். நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல். கொலஸ்டிராலை ஏற்றுகிறது என்பதில் ஐயமில்லை. அதைக் குறைக்கலாம், சரி. ஆனால் அந்த இடத்தில் கடலை, எள், மீன் போன்றவற்றின் கொழுப்பு வந்தால் இதயத்துக்கு நன்மை. மைதாவும் சர்க்கரையும் வந்தால் நன்மை இல்லை. நெய்யை விட்டுவிட்டேன் என்று பெருமையோடு சொல்பவரிடம், காபியோடு எத்தனை பிஸ்கட் என்று கேட்டுப் பாருங்கள்.

முழுக்க விலக்க வேண்டிய கொழுப்பு ஒன்று உண்டு. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி உறையவைக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு. 1937-இல் டால்டா இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. நெய் வாங்க முடியாத வீட்டில் நெய்யின் இடத்தை அது பிடித்தது. எல்.டி.எல். ஏறுவதோடு நன்மை செய்யும் எச்.டி.எல். இறங்கவும் டிரான்ஸ் கொழுப்பு காரணமாகிறது என்பது 1990-இல் நெதர்லாந்து ஆய்வில் தெரிந்தது. எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாற்றுப் பொருளின் குறையைக் கண்டுபிடித்துத் தடுக்க நமக்கு எண்பத்தைந்து ஆண்டுகள்!

இப்போது அமெரிக்காவுக்குப் போய் வரலாம். உலகம் முழுவதும் பரவிய அறிவுரைகள் புறப்பட்ட இடம் அது. 1955-இல் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. நாடே இதயநோயைப் பற்றிப் பேசத் தொடங்கியது. ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 1958-இல் ஏழு நாடுகளில் சுமார் 12,700 ஆண்களைப் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். கீஸ் என்றாலே கொழுப்பு கெட்டது என்று சொன்னவர் என்று சுருக்கிவிடுகிறார்கள். அவருடைய ஆய்வில் இருந்த மிக அழகான செய்தி வேறு. கிழக்கு பின்லாந்துக்காரர்களும் கிரேக்கத் தீவான கிரீட்டின் ஆட்களும் தம் கலோரிகளில் ஏறக்குறைய ஒரே பங்கை, நாற்பது சதவீத அளவில், கொழுப்பிலிருந்தே பெற்றார்கள். இதயநோய்ச் சாவு பின்லாந்தில் உச்சம், கிரீட்டில் மிகக் குறைவு. பின்லாந்தில் வெண்ணெயும் பாலாடையும். கிரீட்டில் ஆலிவ் எண்ணெயும், அதோடு பருப்பு வகை, காய், பழமும்.

இந்த நுணுக்கம் பொதுமக்களிடம் வந்து சேருவதற்குள் உதிர்ந்துவிட்டது. 1977-இல் செனட்டர் மெக்கவர்ன் தலைமையிலான குழு, கொழுப்பை 40 சதவீதத்திலிருந்து 30-க்குக் குறைத்து மாவுச்சத்தைக் கூட்டச் சொன்னது. நியாயமாகச் சொன்னால், சர்க்கரையைக் குறைக்கவும் அதே அறிக்கை சொல்லியிருந்தது. காய், பழம், முழுத்தானியம் என்றும் எழுதியிருந்தது. கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது பாதி மட்டுமே. 1992-இல் வெளியான உணவுப் பிரமிடின் அடித்தளத்தில் ரொட்டி, தானியம், அரிசி, பாஸ்தா. நாளுக்கு 6 முதல் 11 பங்கு. மைதாவா முழுத்தானியமா என்ற வேறுபாடு படத்தில் இல்லை. எண்ணெய் எல்லாம், ஆலிவ் எண்ணெய் உட்பட, இனிப்புகளோடு உச்சியில் ஒதுக்கப்பட்டன. அதே ஆண்டு நபிஸ்கோ நிறுவனம் ‘ஸ்நாக்வெல்ஸ்’ என்ற கொழுப்பற்ற பிஸ்கட்டை இறக்கியது. கொழுப்பு போன இடத்தைச் சர்க்கரையும் மாவும் நிரப்பின. கொழுப்பில்லை என்ற தைரியத்தில் மக்கள் கூடுதலாகத் தின்றார்கள். உடற்பருமனும் நீரிழிவும் அந்த நாட்டில் ஏறிக்கொண்டே போயின. கொழுப்பு அறிவுரை ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தடுக்கவும் இல்லை. 2011-இல் பிரமிடு போய்த் தட்டுப் படம் வந்தது. பாதித் தட்டு காயும் பழமும். 2015-ஆம் ஆண்டு வழிகாட்டியில் கொழுப்பின் மொத்த அளவைவிட வகைக்கு அழுத்தம் தரப்பட்டது. கிரீட் தீவு சொன்னதைக் கேட்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

நம் கதை அமெரிக்கக் கதையின் நகல் அல்ல. நமக்குப் பஞ்சம் இருந்தது. அந்தக் காலத்தில் முதல் தேவை வயிறு நிறைவது. புரதப் பற்றாக்குறை என்று உலகம் பேசியபோது, நம் குழந்தைகளுக்கு முதலில் குறைவது கலோரிதான் என்று கோபாலன் வாதிட்டதும் அதனால்தான். பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் பெருக்கியது. அது உயிர் காத்தது. ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னால் இன்னொன்று நடந்தது. 1951-இல் தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம் கிடைத்த பருப்பு, 2000 வாக்கில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. பருப்பு விட்ட இடத்தில் அரிசி உட்கார்ந்தது. வேலையோ நாற்காலிக்கு மாறியது.

விளைவை அளந்திருக்கிறார்கள். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி. 2023-இல் வெளியான கணக்கு இது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வந்தது. 1 லட்சத்து 21 ஆயிரம் பேரின் சாப்பாட்டை அலசியதில், கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. பெரும்பாலும் தீட்டிய தானியமும் சர்க்கரையும். புரதம் 12 சதவீத அளவில் நிற்கிறது. மாவுச்சத்திலிருந்து வரும் கலோரியில் ஐந்து சதவீதப் பங்கைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் நீரிழிவு அபாயம் குறையும் என்று அது கணித்தது. சிறுதானியக் கேள்விக்கும் அதில் பதில் உண்டு. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு அல்லது சிறுதானிய மாவு என்று மாற்றியதில் மட்டும் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து உண்டு, கம்பில் இரும்புச்சத்து உண்டு, சாப்பிடுங்கள். ஆனால் மூன்று தோசை மூன்று தோசைதான், மாவு எதுவானாலும்.

இந்தப் பின்னணியில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட 17 வழிகாட்டுதல்களைப் பாருங்கள். 2000 கலோரிக்கு அது போடும் தட்டு: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். தானியமும் பருப்பும் வேகவைக்காத எடையில். தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. நடப்பில் அது 50 முதல் 70 சதவீதம் என்றும் அதே வழிகாட்டி ஒப்புக்கொள்கிறது. சோற்றை விலக்கச் சொல்லவில்லை. சோறு பிடித்துவைத்திருக்கும் இடத்தில் கொஞ்சத்தைப் பருப்புக்கும் காய்க்கும் திருப்பித் தரச் சொல்கிறது.

85 கிராம் பருப்பு என்றதும் மலைப்பு வரும். சாம்பாரை மட்டும் நம்பினால் அது நடக்காது. சாம்பாரில் தண்ணீர்தான் அதிகம். நம் சமையலிலேயே வழி இருக்கிறது. இட்லி மாவில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அடையில் அரிசிக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் பருப்பு. வாரத்தில் இரண்டு நாள் இட்லியின் இடத்தில் அடை. உருளைக்கிழங்கு வறுவலின் இடத்தில் பீன்ஸ் பருப்புசிலி. நாலு மணி பிஸ்கட்டின் இடத்தில் சுண்டல். மீனோ முட்டையோ சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் எளிது. பேலியோ போன்ற முறைகளில் மாவுச்சத்தைப் பெருமளவு விட்டு எடை குறைத்தவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். விட்ட இடத்தில் வெறும் கொழுப்பிறைச்சி வந்ததா, காயும் கொட்டையும் மீனும் வந்ததா என்பதைப் பொறுத்தே அதன் பின்விளைவு இருக்கும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் சட்டென்று குறைக்காதீர்கள், கூட்டாதீர்கள்.

ஆனால் இதை வீட்டுச் சமையலறையோடு நிறுத்தினால் நான் பாதிதான் பேசியவனாவேன். ஒரு கணக்கு போடுவோம். நாலு பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு நம் ரேஷன் கடையில் மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ. பாமாயில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர். ஆளுக்கு நாளுக்கு என்று வகுத்தால் அரிசி 167 கிராம், பருப்பு 8 கிராம். வழிகாட்டி கேட்பது 85. அந்தக் குடும்பத்துக்கு மாதம் பத்து கிலோ பருப்பு வேண்டும். ஒன்பது கிலோவை வெளிச்சந்தை விலையில் வாங்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்த ஒன்பது கிலோவின் இடத்தில் எது வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரிசித் திட்டம் பசியை விரட்டியது. அதைக் குறை சொல்பவன் அல்ல நான். பசியை விரட்டிய அதே வழியில் பருப்பும் வர வேண்டும் என்கிறேன். சத்துணவில் முட்டை சேர்ந்தபோது, சோறு மட்டுமே நிறைந்த தட்டில் புரதத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. அரசு நினைத்தால் லட்சக்கணக்கான தட்டுகளில் ஒரே நாளில் மாற்றம் வரும் என்பதற்கு அது கண்கண்ட சான்று.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். இந்த மாத மளிகைச் சீட்டை எடுங்கள். தானியம், பருப்பு, எண்ணெய், சர்க்கரை நான்கையும் வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையாலும் முப்பதாலும் வகுங்கள். நாலு பேருக்கு எண்ணெய் மாதம் மூன்றரை லிட்டருக்குள் இருக்கிறதா? சர்க்கரை, ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து தேக்கரண்டி, அதாவது 25 கிராமுக்குள் நிற்கிறதா? குளிர்பானத்தையும் கடை இனிப்பையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பருப்பு எத்தனை கிராம்? உங்கள் வீட்டுத் தட்டில் எது அதிக இடம் பிடித்திருக்கிறது என்று அந்தச் சீட்டே சொல்லிவிடும்.

அடுத்த முறை யாராவது, மருத்துவரோ யூடியூப் பேச்சாளரோ அரசுக் குறிப்போ, இதை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். விட்ட இடத்தில் எதை வைப்பது? அதை வாங்க எனக்குக் கட்டுபடியாகுமா? இரண்டுக்கும் பதில் இல்லாத அறிவுரை பாதி அறிவுரைதான். பாதி அறிவுரையால் என்ன ஆகும் என்பதை ஆந்திரக் கடலோரமும் அமெரிக்கக் கடைத்தெருவும் நமக்குக் காட்டிவிட்டன.